ஜடையும் உடம்பே

இரண்டாம் மாடி மாமியின் ஒன்பது கஜப் புடவைதான் எங்களுக்கு நெட். தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் இருந்த எங்கள் ஃப்ளாட்டின் மொட்டைமாடியில், மாமி தினமும் காலையில் அதை நனைத்து, கோலால் தூக்கி, ஆறடி உயரத்தில் கட்டியிருந்த கொடியில் விரித்துப் போடுவாள். சாயங்காலம் இருட்டும்வரை அது அங்கேயே கிடக்கும். வளையப்பந்துக்கு வலை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பிற்பாடு ரூல் புக்கில் படித்தபோது, அதுவும் கிட்டத்தட்ட ஆறடிதான். மாமி ரூல் புக் படித்தவளில்லை.

வளையப்பந்து என்பது பள்ளிக்கூடத்துப் பெயர். சர்டிபிகேட்டில் டெனிகாய்ட் என்று போடுவார்கள். நாங்கள் வெறுமனே ரிங் என்போம். தட்டளவு ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக எறிய வேண்டும். எதிரே இருப்பவள் ஒரு கையால் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். தரையில் விழுந்தால் பாயின்ட் போச்சு. இரண்டு கையால் பிடித்தாலும் போச்சு, உடம்பில் வேறு எங்கே பட்டாலும் போச்சு. இவ்வளவுதான் விளையாட்டு.

சிக்கல் புடவையில் இருந்தது. அது மடிப் புடவை. குளித்துவிட்டு மாமி மட்டும்தான் அதைத் தொடலாம். எங்கள் கை பட்ட ரிங் அதில் பட்டாலும் மடி போய்விடும், மாமி மறுபடி நனைக்க வேண்டும். அந்த நாளில் லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஆகையால் மாமி எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"ஆடுங்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா பட்டா பட்டதுன்னு சொல்லிடணும். சொல்லாம இருந்துட்டேள்னா அந்தப் பாவம் உங்க தலையிலதான்."

அதனால் புடவையில் ரிங் உரசியதும், எறிந்தவள் கையைத் தூக்கி "டச்" என்று சொல்லிவிட்டு, மாடி இறங்கிப் போய் மாமியிடம் ஒப்புக்கொண்டுவிட்டு வர வேண்டும். எந்தச் சங்கமும் வகுக்காத இந்தச் சட்டத்தால் எங்கள் எறி எல்லாம் உயரமாகவே பழகிவிட்டது. கூடவே, பட்டால் தானாகக் கை தூக்குவதும் பழகிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் குறைவாகவே பழகியது. மாமி வீட்டுப் பேச்சும் சாப்பாடும்தான் எங்கள் வீட்டிலும். மடி என்றால் என்னவென்று பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், அதில் எவ்வளவு சமாளிக்கலாம் என்பதும் தெரியும். புடவை காற்றில் ஆடினதாக நினைத்துக்கொண்டு நான் விட்ட டச்கள் ஏராளம். ஆனால் என்னோடு ஆடியவள் ஒன்றைக்கூட விட்டதில்லை.

அவள் கீழ்வீட்டுப் பெண். என் வயதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவள் அப்பாவுக்கு உஸ்மான் ரோடு பக்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை. மடி என்றால் என்ன என்று அவள் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள். ஒரு நாளைக்கு நாலு தடவைகூட மாடி இறங்கிப் போய் "பட்டுட்டு மாமி" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவாள். மாமிக்கே ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது.

அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் அரைப் பரீட்சை லீவில் தொடர்ந்து பதினோரு நாள் அவளிடம் தோற்றேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் ஜடையைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கும், எண்ணெய் வழியும், கயிறு மாதிரி கனமான ஜடை. அவள் துள்ளிப் பிடிக்கும்போது அதுவும் சுழன்று முன்னால் வந்து ரிங்கை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். ஒரு ஆட்டத்தில் நான்கு தடவையாவது இது நடந்தது.

"ஏய், ஜடைல பட்டாலும் டச்சுதான்டி" என்றேன்.

"நெசமாவா?"

"ரூல் புக்குலயே இருக்கு. எங்க பி.டி. மிஸ் காமிச்சா. ஜடையும் உடம்புதான்னு போட்டிருக்கு."

நான் மயிலாப்பூரில் படித்தேன், அவள் தி. நகரிலேயே படித்தாள். என் பி.டி. மிஸ்ஸை அவள் பார்க்கப் போவதில்லை. எங்கள் பி.டி. மிஸ்ஸிடம் ஒரு விசில், ஒரு குடை, ஒரு வாரப் பத்திரிகை இருந்தன. புக் எதுவும் கிடையாது.

அவள் முகம் வாடிவிட்டது. ரூல் கடுமையாக இருக்கிறதே என்று வாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. "அய்யோ, அப்ப இத்தனை நாளா எத்தனை பாயின்டு தப்பா எடுத்திருப்பேன்! பதினோரு ஆட்டத்துல மூணு ஆட்டமாவது உன்னதுல்லா?" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பழையதெல்லாம் வேண்டாம், போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் எங்கள் ரூல்களைச் செங்கல் துண்டால் எழுதி வைத்திருந்தோம். தொட்டியில் பட்டால் அவுட். வடாமில் விழுந்தால் மறு சர்வீஸ், வடாத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது எறிந்தவள். மாடியிலிருந்து தெருவுக்குப் போனால் இரண்டு பாயின்ட் கட், போய் எடுத்து வர வேண்டியதும் அவளே. இப்படி ஆறு இருந்தன. அவற்றுக்குக் கீழே என் கையெழுத்தில் ஏழாவதாக எழுதினேன்: ஜடையும் உடம்பே.

ரூல் என்றால் இருவருக்கும் பொது. எனக்கு டைபாய்டு வந்து முடி கொட்டியதிலிருந்து பாப் கட்.

அவள் ஜடையைச் சுருட்டிக் கொண்டையாகப் போட்டுக்கொண்டிருக்கலாம். அவள் அம்மா விடவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கொண்டை எதற்கு என்று சத்தம் போட்டாராம். அதனால் மடித்து ரிப்பன் வைத்துக் கட்டிக்கொண்டு ஆடப் பழகினாள். ரிப்பன் அவிழ்ந்து ஜடையில் ரிங் பட்ட நாட்களில், நான் பார்த்தேனோ இல்லையோ, கையைத் தூக்கி "டச்" என்பாள். ஆறு மாதத்தில் அது அவளுக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டது. நானும் அவளிடம் சில ஆட்டங்கள் ஜெயிக்கத் தொடங்கினேன். என் ஆட்டம் முன்னேறிவிட்டதாக மாமி உட்பட எல்லாரும் சொன்னார்கள்.

பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த மே மாதம். ரிசல்ட் இன்னும் வரவில்லை, ஆனால் எழுதியவளுக்குத் தெரியாதா. கெமிஸ்ட்ரியில் நான் கேள்வித்தாளை இரண்டு முறை முழுவதும் படித்தேன். அதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை. அவளுக்கும் கணக்கு அப்படித்தான் போயிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கென்று கல்லூரிகளில் ஒரு வாசல் இருந்தது, ஸ்போர்ட்ஸ் கோட்டா. மாவட்ட அணியில் ஆடியதாகச் சர்டிபிகேட் கொண்டுபோனால் அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் சீட் தருகிறார்கள் என்று என் அப்பா விசாரித்து வந்திருந்தார். "அது ஒண்ணுதான் வழி. இல்லேன்னா டைப்ரைட்டிங்ல சேர்த்துடறேன், ஆத்துல சும்மா உக்காந்துண்டு இருக்கப்டாது" என்றார்.

அவள் அப்பா சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். "சீட்டு கெடச்சா போகட்டும். கெடைக்கலன்னா கடையில பேரு வெட்ட ஆளு வேணும்லா." பாத்திரம் வாங்குகிறவர்களின் பெயரை அடியில் பொறித்துத் தரும் மெஷின் ஒன்று கடையில் இருந்தது. காது கிழியும் சத்தம் போடும். அவளுக்கு அதைக் கண்டால் பிடிக்காது.

மாவட்ட அணித் தேர்வு சைதாப்பேட்டையில் ஒரு மைதானத்தில் நடந்தது. சிங்கிள்ஸுக்கு ஒரே ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். இருவரும் ஒன்றாக பஸ் ஏறிப் போனோம். போகும்போது, "யாரு ஜெயிச்சாலும் சந்தோஷந்தான், என்னட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். எங்களில் ஒருத்தி பொய் சொன்னாள்.

மற்ற பெண்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மடிப் புடவைக்கு மேலே எறிந்து பழகிய கைகளுக்கு வெறும் வலை பெரிய விஷயமே இல்லை. எங்கள் எறியெல்லாம் வானத்துக்குப் போய் பின்கோட்டில் இறங்கின. பகல் பதினொன்றரை மணிக்கு அந்த அக்னி வெயிலில் மிச்சம் இருந்தது நாங்கள் இருவர்தான். அம்பயர் ஏதோ ஒரு பள்ளியின் பி.டி. மாஸ்டர். தலையில் ஈரத் துண்டு. ஸ்கோர் எழுதியவர் இன்னொரு மாஸ்டர், குடைக்குக் கீழே.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் அவள் இருபது, நான் பத்தொன்பது. இருபத்தொன்றுக்கு ஆட்டம். அதற்கு முன்பே அவள் ரிப்பன் அவிழ்ந்துவிட்டிருந்தது. கட்டிக்கொள்ள ஒரு நிமிடம் கேட்டாள். "அதெல்லாம் அப்பறம் கட்டிக்கலாம், வெயில் மண்டைய பொளக்குது, ஆடும்மா" என்றார் அம்பயர்.

நான் எறிந்தது அவளுடைய இடது தோளுக்கு மேலே போனது. நான் எறிந்ததிலேயே நல்ல எறி அது. அவள் பின்னால் வளைந்து, வலது கையால் தலைக்கு மேலே பிடித்து, அதே வீச்சில் திருப்பி எறிந்தாள். ரிங் என் மூலையில் போய் விழுந்தது. நான் நகரக்கூட இல்லை. அம்பயர் விசிலை ஊதிவிட்டார். முடிந்தது, டைப்ரைட்டிங்தான் என்று எனக்குத் தோன்றியது. கூடவே, அந்த டைப்ரைட்டிங் வகுப்பின் மாடிப்படிகூட எந்தக் காரணமும் இல்லாமல் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அவள் கையைத் தூக்கினாள்.

"டச்."

"இன்னா டச்சு? நான் பாக்கலியே" என்றார் அம்பயர்.

"சடையில பட்டுட்டு சார்."

"சடைல பட்டா இன்னா? கையில புடிச்சியா இல்லியா?"

"சடையும் உடம்புதான சார். ரூலு."

அம்பயர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு கேள்வி அவருடைய சர்வீஸில் வந்ததில்லை என்று தெரிந்தது. குடைக்குக் கீழே இருந்தவரிடம் போனார். அவர்கள் பேசியது எனக்கு முழுவதும் கேட்டது.

"முடி எப்டிய்யா உடம்பாவும்? வெட்னா வலிக்குதா?"

"நகம் வெட்னாகூடத்தான் வலிக்கல. அதுக்காக நகம் கை இல்லேன்றியா?"

"நீ வேற. புக்கு எங்க?"

"ஆபீஸ் பீரோல கீது. சாவிய பியூன் எடுத்துகினு போய்ட்டாரு."

அம்பயர் திரும்பி வந்தார். "ஏம்மா, எந்தப் புக்குல போட்டுருக்கு இது? நீ படிச்சியா?"

"நான் படிக்கல சார். அவ படிச்சிருக்கா" என்று என்னைக் காட்டினாள். "அவ ஸ்கூல் மிஸ்ஸுகிட்ட இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்டி ஒன்னு புக்குல போட்டிருக்கா? பாத்து சொல்லு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றமே இல்லை. தெரிந்த விஷயத்தை இன்னொருத்தி சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பவளின் முகம் அது.

நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழுமாக, ஒரே ஒரு தடவை. வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எதற்கும் உதவவில்லை.

"பட்ட பொண்ணே பட்டுச்சுன்னு சொல்லுது, எதிர்ல ஆடறதும் ரூல் கீதுன்னுது. நமக்கு இன்னா வந்துச்சு" என்று அம்பயர் பாயின்டை எனக்கு மாற்றினார். இருபதுக்கு இருபது, இனி இரண்டு பாயின்ட் முன்னால் போனால்தான் ஜெயிக்கலாம். ஸ்கோர் எழுதிய மாஸ்டர் குடைக்குள்ளிருந்தே கை தட்டி, "இது ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்பு! பாத்துக்கோங்கம்மா எல்லாரும்" என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்களும் கை தட்டினார்கள். கைதட்டல் முடிந்ததும் அடுத்த இரண்டு பாயின்டையும் நான் எடுத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. என் எறி சரியாகவே போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். ஜெயித்தவளுக்காம்.

ஜூலையில் கல்லூரியில் சேர்ந்தேன். டிபன் பாக்ஸ் வாங்க அம்மா அவர்கள் கடைக்குத்தான் அழைத்துப் போனாள். அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், காதில் பஞ்சு. என் பெயரை இனிஷியலோடு, கொம்பும் காலும் பிசகாமல், வெட்டிக் கொடுத்தாள். முத்தாக இருக்கிறது என்றாள் அம்மா. மூன்று வருடமும் அந்த டப்பாவைக் கவிழ்த்து வைக்காமல்தான் சாப்பிட்டேன். கவிழ்த்தால் அடியில் இருக்கும் எழுத்து தெரியும்.

மாவட்ட அணியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு டீ ஷர்ட்டும் ரூல் புக்கும் தந்தார்கள். டீ ஷர்ட் தொளதொளவென்று இருந்தது. புக் பதினாறு பக்கம். பஸ்ஸிலேயே முழுவதும் படித்துவிட்டேன். எதில் பட்டால் தப்பு என்ற இடத்தில் முழங்கை, தோள், கால், உடை எல்லாம் இருந்தது. முடி என்ற பேச்சே இல்லை. இல்லாமல் இருக்கும் என்று தெரியும். இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை.

அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்கு வார விடுமுறை, அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மாதான் எடுத்துக் காட்டினாள். "ரூல் புஸ்தகமெல்லாம் குடுத்திருக்கா, பாரேன்" என்று பெருமையாக நீட்டினாள். நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் அது அவள் கையில் இருந்தது.

"படிச்சிட்டுத் தரேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் படி இறங்கும்போது கீழ்வீட்டு வாசலைப் பார்க்காமல் இறங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் வந்து என்னைக் கண்டபடி திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். "நீ ஏன்டி கையைத் தூக்கினே" என்று கேட்கலாம். அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

அடுத்த செவ்வாய் புக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பிரவுன் பேப்பர் அட்டை போட்டிருந்தாள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே யாருடைய புத்தகத்தையும் அவள் அட்டை போடாமல் திருப்பித் தந்ததில்லை.

"படிச்சியா?" என்றேன்.

"ரெண்டு தடவ."

பிறகு, "மேல போவமா? வெளிச்சம் இருக்கு" என்றாள்.

போனோம். மாமியின் புடவை கொடியில் இருந்தது. மூன்று மாதமாகப் பழக்கம் விட்டிருந்தும் அவள் ஆட்டம் குறையவில்லை. ரிப்பன் கட்டியிருக்கவில்லை, ஜடை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஸ்கோர் மட்டும் சொல்லிக்கொண்டோம். பதினேழுக்குப் பதினாறு என்று அவள் முன்னால் இருந்தபோது நான் உயரமாக ஒன்று எறிந்தேன். அவள் பின்னால் வளைந்து பிடித்தாள். ஜடை சுழன்று வந்து ரிங்கைத் தொட்டது. இந்த முறை நானும் நன்றாகப் பார்த்தேன். அவள் எறியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, கையைத் தூக்கினாள்.

"டச்."

"அது புக்குல இல்லடி" என்றேன். சொல்லிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வந்தது. மூன்று மாதம் தாமதம், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். தண்ணீர்த் தொட்டிச் சுவரைக் காட்டினாள். மழையில் மற்ற ரூல்கள் பாதி அழிந்துவிட்டிருந்தன. ஏழாவதை நான் அழுத்தி எழுதியிருந்தேன்.

"இங்க இருக்குல்லா. நீதான எழுதுன."

ரிங்கைப் புடவைக்கு மேலாக, அதில் படாமல், மெதுவாக எறிந்தாள். பதினேழுக்குப் பதினேழு. சர்வீஸ் என்னுடையது. அவள் தயாராக நின்று காத்துக்கொண்டிருந்தாள். போட்டேன்.